அணைத்த பிறகும் ஓடும் பம்ப்

ஹோண்டா பி16 எஞ்சினுக்கு எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் மாட்டினால் எத்தனை குதிரைவலு கூடும்? எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கூடும், கொஞ்சம். பெல்ட்டில் சுழலும் பம்பின் வேகம் இரட்டித்தால் அது தின்னும் சக்தி எட்டு மடங்கு. 8000 சுற்றில் அந்தச் சுமை போவது லாபம்தான். ஆனால் அதற்காக மட்டும் மாட்டுகிறவருக்குப் பாதி ருசிதான் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது எஞ்சினை அணைத்த பிறகு வரும் இரண்டு நிமிடம். பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாக மதிய வெயிலில் விரட்டி வந்து கற்பிட்டியில் நிறுத்துங்கள். பெல்ட் பம்ப் அந்தக் கணமே நின்றுவிடும். ஹெட்டில் இருக்கும் சூடு தேங்கிய தண்ணியில் இறங்கிக் கொதிக்க வைக்கும். டேவிஸ் கிரெய்க் எலக்ட்ரிக் பம்பின் கண்ட்ரோலரோ பம்பையும் விசிறியையும் விடாமல் ஓட்டுகிறது. துணியைச் சுற்றி மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே தண்ணி ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும். கட்டுக்குருந்த பந்தயத் தடத்தில் ஒரு சுற்று முடித்துப் பிட்டுக்கு வருகிறவனுக்கு இதன் அருமை புரியும்.

பெல்ட் பம்ப் ஒழுகி, கத்தி, சொல்லிவிட்டுத்தான் சாகும். மோட்டர் சொல்லாமலே போய்விடும் என்பது பழைய ஆட்களின் வாதம். நியாயம்தான். 2004-இல் வந்த பி.எம்.டபிள்யூ என்52 எஞ்சினின் எலக்ட்ரிக் பம்புக்கும் அந்தக் கெட்ட பெயர் உண்டு. ஆனால் 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் வெளி பெல்ட் ஒன்றுகூட இல்லை, தண்ணி பம்பும் எலக்ட்ரிக்தான். கொழும்பு நெரிசலில் அது ஓடாமலா இருக்கிறது? நம்ம நுரைச்சோலை அனல்மின் நிலையமே, 900 மெகாவாட்டும், மோட்டர் வைத்துக் கடல்தண்ணியைப் பம்ப் பண்ணித்தான் சூடு தணிகிறது.

பி16-இல் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். ஆகவே பம்பைக் கழற்றி எறிய முடியாது. இறக்கையை மட்டும் எடுத்துவிட்டு அச்சையும் பேரிங்கையும் சீலையும் இருந்த இடத்திலேயே விட வேண்டும். சிலாபத்தில் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார். சீலில் கீறல் விழாமல் இறக்கையை எடுத்து, புல்லியை விரலால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் வேறு பம்ப் கொண்டுவரச் சொல்வார். கனெக்டர் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் பூசாமல் வண்டியை வெளியே விடமாட்டார்.

இப்போதைய பையன்கள் போலிப் பம்பை வாங்கி, வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். இந்த உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்க எவ்வளவு நாளாகும்? பம்புக்குக் காசு கொடுத்தவர்கள் ஒரு ரிலேக்கும், ஒரு பியூஸுக்கும், சூடு ஏறினால் கத்தும் ஒரு பஸருக்கும் கணக்குப் பார்க்காதீர்கள். கிணற்றுச் சவர்த் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றவும் வேண்டாம்.