முகவீணைக்காரர் தூங்கவில்லை!

பங்குனி பிறந்தால் ஏரிக்கரை ஊர்களில் கூத்து களைகட்டிவிடும். யார் கர்ணன் கட்டினார், யாருக்கு எவ்வளவு அன்பளிப்பு விழுந்தது என்பதெல்லாம் சுண்ணாம்புக்குளம் பக்கத்து ரசிகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிவதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும் சேதி அது. என் வழக்கு ஒரே ஓர் ஆளைப் பற்றியது. பின்பாட்டுக்காரர்களை ஒட்டி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் முகவீணைக்காரர்.

"அந்தாளுக்கு மூச்சு போச்சுப்பா. பாதி நேரம் குழல் மடியிலதான் கெடக்குது. ஆர்மோனியம்தான் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போவுது." இதுதான் ஊர்ப் பேச்சு. சுத்தத் தப்பு.

கர்ண மோட்சத்தில் பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு மணி 2 இருக்கும். கர்ணன் ஓர் அடியைப் பாட, பின்பாட்டு அதை வாங்கிப் பாடுகிறது. வேறு ஆளாக இருந்தால் முதல் எழுத்திலேயே கூடச் சேர்ந்து ஊத ஆரம்பித்திருப்பார். நம்மாள் சீவாளியை உதட்டில் நனைத்தபடி கர்ணனின் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்கும்போது புஜக்கட்டை ஒரு விரற்கடை மேலே ஏறும். அந்த நொடியில்தான் உள்ளே நுழைகிறார். அடுத்த அடியைக் கர்ணன் எடுத்ததும் குழல் மறுபடி மடிக்குப் போய்விடுகிறது.

முகவீணை குட்டிக் குழல். கீச்சென்று மேலே நிற்கும் அதன் ஒலி. அதோடு போட்டி போட்டுப் பாடினால் எந்தத் தொண்டையும் விடியும்வரை தாங்காது. பாடுகிறவர் இளைப்பாறும் இடமாகப் பார்த்து ஊதுவதால்தான் நம் கர்ணன் தேர் ஏறும்போதும் குரலோடு இருக்கிறார். ஆர்மோனியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கட்டைக்குக் கட்டை தாவும். இரண்டு கட்டைக்கும் நடுவே அழுகை இருக்கிறதே, அதைத் தொட உதடும் மூச்சும் வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டிலும் இதே சங்கதிதான். 12 தாளக்கட்டு, மூன்று அடி. ஒவ்வோர் அடியிலும் பாடுகிறவர் ஏறக்குறைய பாதியோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தில் கிட்டாரோ மவுத் ஆர்கனோ பதில் சொல்லும். அவர்களுடைய சோகச் சுரங்களும் பியானோ கட்டைகளுக்கு நடுவேதான் குடியிருக்கின்றன. யுனெஸ்கோ 2011இல் அறிவித்தபடி ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் நாள். அன்று ஏதாவது ஒரு மேடையில் ஒருவர் ஊதாமல் காத்திருந்தால் "என்ன ஞானம்!" என்போம். நம் ஊர் பெஞ்சில் அதையே ஒருவர் செய்தால் தூக்கமாம்!

இத்தனைக்கும் பாடு முறை வைத்து, அதாவது யார் எங்கே எப்போது வலை வைப்பது என்று முறை போட்டு, இறால் பிடிக்கிற ஏரி இது. அடுத்தவர் பாட்டில் வலை வைக்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அவர் செய்வதும் அதுதான். கர்ணனின் பாட்டில் அவர் வலை வைப்பதில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஏப்ரல் 15இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுக்குப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். கூட்டம் பெருகும். கூட்டத்தை மயக்க ஏதாவது ஒரு ஜமா கீபோர்டை இறக்கும். முதல் இரவு விசிலும் பறக்கும். மூன்றாம் இரவு அந்தக் கர்ணனுக்குத் தொண்டை கட்டும். அடுத்த பங்குனிக்குள் அதே ஜமா முகவீணைக்கு ஆள் தேடி அலையும்.

நம்மாள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். இந்தச் சித்திரையில் பொன்னுருவி கட்டத்தின் கடைசி அடிக்கு அவர் குழலை எடுக்கவே மாட்டார். கர்ணன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்கும். தோற்றால் ஏரி நண்டு ஒரு கூறு என் செலவு. பந்தயத்துக்கு யார் வருகிறீர்கள்?