புல்லா, ஜல்லியா? இரண்டையும் விரித்துப் பார்த்தோம்

நர்சரிக்காரரைக் கேட்டால் புல் என்பார், செங்கல் மணல் விற்பவரைக் கேட்டால் ஜல்லி என்பார். இருவரையும் நம்பாமல் தாம்பரம் பக்கத்து வீடொன்றின் 400 சதுர அடி முற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் மெக்சிகன் புல்லும் மறுபக்கம் 12 மில்லிமீட்டர் ஜல்லியும் போட்டோம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்தாயிற்று. ஓரத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதி வம்பு அதனால்தான்.

முதலில் புல். மெக்சிகன், கொரியன் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் சோய்சியா இனம். மெதுவாக வளரும், அடர்த்தியாகப் பிடிக்கும், லேசான உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் குடிக்கும். மே மாத வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 200 சதுர அடிக்கு 90 லிட்டருக்கு மேல், அதாவது ஆறு குடம். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும்.

வெட்டுவதற்குக் கையால் தள்ளும் சிலிண்டர் புல்வெட்டியைப் பயன்படுத்தினோம். கத்தரிக்கோல் போல நறுக்குவதால் நுனி பழுப்பதில்லை, மின்சாரமும் வேண்டாம். ஆனால் புல் கொஞ்சம் ஓங்கிவிட்டால் வெட்டாமல் மடக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டினால் புல் மஞ்சளடிக்கும். எனவே ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு தவணையாகத்தான் வெட்ட வேண்டும்.

வேம்பின் நிழலில் போட்ட துண்டு மழைக்காலம் வருமுன்பே சொட்டையாகிவிட்டது. அரைநாள் வெயிலாவது விழாத இடத்தில் இந்தப் புல்லுக்குச் செலவழிப்பது வீண்.

இனி ஜல்லி. இரண்டு அங்குலக் கனத்துக்கு 33 கன அடி, யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, குட்டி யானையில் இரண்டு நடை. ‘போட்டால் போட்டதுதான், பராமரிப்பே கிடையாது’ என்பது விற்பவர் வாக்கு. கோரைக்கு அது தெரியாது. அதன் கூர்முனை பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகு விரித்தால்தான் உண்டு. தாளுக்குப் பதில் நீர் இறங்கும் களைத்துணியைப் போடுங்கள். 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், ஜல்லிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து மழையைத் தெருவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேப்பிலைச் சருகுதான் ஜல்லியின் பெரிய எதிரி. துடைப்பத்தால் பெருக்கினால் கல்லும் சேர்ந்து வருகிறது. சருகு ஊதும் கருவியால் ஊதினால் மேலே கிடப்பது மட்டும் பறக்கிறது; இடுக்கில் இறங்கியது மட்கி மண்ணாகி, அடுத்த களைக்குப் பாத்தி கட்டிக் கொடுக்கிறது. நண்பகலில் வெறுங்காலோடு துணி உலர்த்தப் போனவர்கள் தாண்டிக் குதித்தே திரும்பினார்கள். ஸ்கூட்டரின் பக்கத் தாங்கி புதைகிறது, ஒரு கடப்பாக்கல் துண்டு வைத்துச் சமாளித்தோம்.

ஆனால் மழையில் ஜல்லி ஜெயித்தது. தாழ்வார நீர் விழுமிடத்தில் சேறு தெறித்துச் சுவர் கெடவில்லை, வண்டிச் சக்கரம் வழுக்கவில்லை. புல் பக்கம் அந்த வாரங்களில் மிதித்த இடமெல்லாம் சொதசொதவென்றிருந்தது.

என் தேர்வு இது: வண்டி நிற்குமிடத்துக்கும் தாழ்வார ஓரத்துக்கும் ஜல்லி. குழந்தைகள் புரளும், வெயில் விழும் ஒரு துண்டுக்கு, அதுவும் நூறு சதுர அடிக்கு மிகாமல், புல். வேம்படியில் இரண்டும் வேண்டாம், மண்ணாகவே இருக்கட்டும், பெருக்குவது சுலபம். வாசலில் கோலம் போடும் இடத்தையும் விட்டுவையுங்கள்.

ஜல்லி வாங்கும்போது பளபளவென்றிருக்கும் கூழாங்கல்லைக் காட்டுவார்கள். விலையும் கூட, உருண்டையாக இருப்பதால் காலடியில் நகர்ந்துகொண்டும் இருக்கும். முனையுள்ள உடைகல்தான் ஒன்றோடொன்று பிடித்து நிற்கும். தூசு சலித்த கல்லாகக் கேளுங்கள். சலிக்காததை விரித்தால் முதல் மழையிலேயே சாம்பல் நிறச் சேறு வாசல்படி ஏறும்.