எரிச்சல் பட்டியலில் இல்லாதவர்

வாரப் பத்திரிகைகளில் ஒரு நிரந்தர அயிட்டம் உண்டு. 'உங்களை எரிச்சல்படுத்தும் பத்து விஷயங்கள்.' தியேட்டரில் முன் சீட்டுக்காரர் செல்போனில் வீட்டு விவகாரம் பேசுவது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம் பேப்பரை நமக்கு முன்னால் படித்து முடிப்பது, கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது, பேனா இரவல் வாங்கியவர் மூடியை மட்டும் திருப்பித் தருவது. படிக்கும்போது 'அட, நமக்கும்தான்!' என்று ஒரு அற்ப சந்தோஷம். எழுதுகிறவருக்கும் சுலபம். இந்த வகை எழுத்தின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அதைச் சொல்ல, புளியறைதான் தோதான இடம்.

தெரியாதவர்களுக்கு: புளியறை, தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டிய ஊர். வயல்கள், தட்சிணாமூர்த்திக்குப் பேர்போன கோயில், சோதனைச்சாவடி, அப்புறம் மலை. திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை இங்கேதான் மூச்சுப் பிடித்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பிக்கிறது. 'எஸ்' எழுத்தைப்போல் வளைந்து, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போகிறது. மேலேயிருந்து போட்டோ எடுத்தால் காலண்டரில் போடலாம். கீழே நின்று பார்த்தால் லாரி. சிமென்ட், காய்கறி, எம்.சாண்ட் என்று தமிழ்நாட்டிலிருந்து கேரளம் போகிற சரக்கில் ஒரு பங்கு இந்த வளைவில்தான் ஏறியாக வேண்டும். குற்றாலம் சீசனில் கார்களும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சாலையில் காரில் போகிறவரிடம் பட்டியல் கேளுங்கள். லாரிக்காரர் வழி விட மாட்டார். வளைவில் நட்டநடு ரோட்டில் ஏறுவார். பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பார், எழுப்பினால் காதில் விழாது. புகை வேறு. பத்து அயிட்டம் சுலபமாகத் தேறும்.

லாரி ஓட்டுகிறவரிடம் யாரும் பட்டியல் கேட்பதில்லை. கேட்டால் ஏறக்குறைய இப்படி வரலாம்: "ஏறுத வண்டிக்கு எறங்குத வண்டி வழி விடணும் அண்ணாச்சி. எவன் விடுதான்? வளைவுல மூக்க நுழைச்சிருதாவ. லோடோட ஒரு தடவ நின்னா மறுபடி ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் கருகுத நாத்தம். இதுல பின்னால இருந்து பாம் பாம்னு அடிக்காவ. பறந்தா போக முடியும்?"

அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. அகலம் போதாத மலைச்சாலையில், மேலே ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழி விடவேண்டும். 1989-ம் வருஷத்துச் சாலை விதிகளிலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2017-ல் வந்த விதிமுறைகளிலும் இருக்கிறது. நடுரோட்டில் ஏறுவதற்கும் காரணம் உண்டு. திமிர் அல்ல, ஜியோமிதி. நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்திலேயே போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுக்காவிட்டால் பின் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிடும். இது தெரிந்தால் காருக்குள் ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையும். அதற்காக லாரிக்காரர் எல்லாவற்றிலும் யோக்கியர் என்று சொல்லவில்லை. நாதஸ்வரம் போல் பல ஸ்வரங்களில் ஊதுகிற ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. ராத்திரி வளைவில் கச்சேரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சாதாரணமாகச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே, ஏன் இத்தனை விசாரணை என்று கேட்கலாம். சின்ன எரிச்சல் அப்படியொன்றும் சின்னது இல்லை. 1981-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்ட உளவியல்காரர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100 நடுவயதுக்காரர்களிடம் 117 தினசரித் தொந்தரவுகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து மாதாமாதம் டிக் அடிக்கச் சொன்னார்கள். சாமானைத் தொலைப்பது, நேரம் போதாமை போன்ற சில்லறைகள். மரணம், விவாகரத்து, வேலை போவது போன்ற பெரிய இடிகளைவிட, இந்தச் சில்லறைகளை வைத்துத்தான் ஒருவரின் மனச் சிரமங்களை நன்றாகக் கணிக்க முடிந்ததாம். பெரிய துக்கத்துக்கு ஊரே வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறது. லாரி வரிசையில் நிற்பதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நஷ்டம் எவ்வளவு என்பதை வைத்து எரிச்சல் வருவதில்லை. ஆனியில், ஆடியில் இந்தப் பக்கம் சாரல் அடிக்கும். சட்டை நனையும், துணி காயாது, ஆனாலும் யாரும் சாரலைத் திட்டுவதில்லை. செலவு செய்துகொண்டு நனைய வருகிறார்கள். அதே ஆசாமி குற்றாலம் மெயின் அருவியில் வரிசையில் நிற்கிறார். முன்னால் ஒருவர் தண்ணீர் கொட்டும் நல்ல இடமாகப் பார்த்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மோட்சத்துக்கே போய்விட்டார். நகர மாட்டேன் என்கிறார். போலீஸ்காரர் விசில் ஊதி அலுத்துவிட்டார். போவது 3 நிமிஷம், வருகிற கோபமோ 3 தலைமுறைக்குப் போதும். 'அவனுக்குத் தெரியும், தெரிந்தே நிற்கிறான்' என்பதுதான் கோபத்தின் காரணம். ஒவ்வொரு எரிச்சலுக்குள்ளும் ஒரு குட்டிக் கோர்ட் நடக்கிறது. வாதி நாம், நீதிபதியும் நாமே.

டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985-ல் வரிசைகளின் மனவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் மூன்று வாக்கியங்களின் சாரத்தைப் புளியறை சோதனைச்சாவடியில் எழுதி ஒட்டலாம். காரணம் சொல்லாத காத்திருப்பு, காரணம் சொன்னதைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளம். நியாயமில்லாத காத்திருப்பு, நியாயமானதைவிட நீளம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், கால்நடைத் துறையினர் புளியறையில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி அடிப்பது வழக்கம். அப்போதும் வண்டி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். டயரில் மருந்து படுவது கண்ணுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். காரணம் புரியாமல், கையில் பேப்பர்களை வைத்துக்கொண்டு, முன் வண்டி எப்போது நகரும் என்று ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக் காத்திருப்பது வேறு ரகம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டபோது, இனி எல்லையில் நிற்கவேண்டாம் என்று நாடெங்கும் பேச்சு. போலீஸ் சோதனையும் போக்குவரத்துத் துறைச் சோதனையும் இருக்கின்றன, மலையும் அங்கேயே இருக்கிறது. புளியறை வரிசை இன்னும் செய்தித்தாளில் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது என் புகார். நம் எரிச்சல் பட்டியல்களில் குற்றவாளிகள் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். சில்லறை தராத கண்டக்டர், மீட்டர் போடாத ஆட்டோக்காரர், தாமதமாகக் காபி கொண்டுவரும் சர்வர், வழி விடாத லாரி டிரைவர். பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த சம்பளக்காரர்கள், நம்மைவிட அதிக நேரம் வெயிலில் நிற்பவர்கள். அவர்களை அப்படி நிற்க வைத்த ஆபீஸ், ஷிஃப்ட், டைம்டேபிள் எதுவும் பட்டியலில் ஏறுவதில்லை. அதற்கு முகம் கிடையாது, கேலி செய்யச் சுவாரஸ்யம் போதாது. எரிச்சல், கைக்கு எட்டுகிற மனிதன் மேல் இறங்கிவிடுகிறது. எஸ்.வி.வி. என்று ஒருவர் இருந்தார். திருவண்ணாமலையில் வக்கீல். குடும்பத்துச் சின்னச் சின்னத் தொந்தரவுகளை வைத்தே விகடனில் ஊரைச் சிரிக்க வைத்தவர். அந்தச் சிரிப்பு வீட்டுக்குள், தன் வர்க்கத்துக்குள்ளேயே சுற்றி வந்த சிரிப்பு. இப்போது வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களில் சிரிப்பு கீழ்நோக்கித்தான் பாய்கிறது, அருவி மாதிரி.

இரண்டாவது குறை, பட்டியல் போடுகிறவர் யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. வளைவில் மூக்கை நுழைத்த காரும், ஏறுகிற லாரிக்குப் பின்னால் ஹாரனில் கையை வைத்து எடுக்காத காரும் எங்கேதான் போயின? அவற்றை ஓட்டியவர்கள் எங்கோ உட்கார்ந்து, லாரிக்காரர்களைப் பற்றிய பட்டியலைப் படித்து 'நமக்கும்தான்!' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கலாம். எல்லா வாசகரும் வாதியாகவே இருக்கும் இலக்கியத்தை நல்ல இலக்கியம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்தால் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் பத்து எழுதினால், பதினோராவதாக எதிராளியின் அயிட்டம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். புளியறையில் அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மலைச்சாலையில் வரிசை முறிந்து கார் முந்தினால், எதிரே வரும் வண்டியும் நிற்கிறது, இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்கிறது, பின்னால் நோயாளியோடு வரும் ஆம்புலன்ஸும் அதில்தான் நிற்கும். இங்கே எரிச்சல் சில்லறை விஷயம் இல்லை.

சோதனைச்சாவடிக்காரர்களுக்கும் ஒன்று. கோடிகளில் திட்டம் வேண்டாம். வரிசையின் வால் வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை. எதற்காக நிறுத்தியிருக்கிறோம், இன்னும் சுமாராக எத்தனை நிமிஷம். தமிழிலும் மலையாளத்திலும். அது இருந்தால் லாரிக்காரர் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா, அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடிக்கலாமா என்று முடிவு செய்துகொள்வார். காரில் இருப்பவரும் ஹாரனிலிருந்து கையை எடுப்பார்.