ஸ்டெல்லர் அளந்த கடற்பசு

1742 ஜூலை 12. பசிபிக்கின் வடகோடியில், ஆளரவமற்ற ஒரு தீவு. கரையில் இழுத்துப் போட்டிருந்த பெண் கடற்பசுவை ஜெர்மானிய இயற்கையியலாளர் கேயோர்க் ஸ்டெல்லர் அளந்துகொண்டிருந்தார். நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். புகையிலையைக் கூலியாக வாங்கிக்கொண்டு உதவிக்கு வந்த மாலுமிகள் உள்ளுறுப்புகளை மனம்போனபடி பிய்த்துப் போட்டார்கள். அவர் குனிந்திருந்த நேரம் பார்த்துத் துருவ நரிகள் தாளையும் மைக்கூட்டையும் கவ்விக்கொண்டு ஓடின. பயணத் தலைவர் பெரிங்கின் கப்பல் முந்தைய நவம்பரில் அங்கே கரைதட்டியிருந்தது. பெரிங்கும் டிசம்பரில் இறந்துபோனார். அத்தனை இடருக்கு நடுவில் எழுந்த பதிவு இது.

அதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். அந்த விலங்கை உயிரோடு பார்த்து எழுதிய இயற்கையியலாளர் ஸ்டெல்லர் ஒருவர்தான். பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் விலங்கின் குடும்பம்தான் அதுவும். உடல்தான் பல மடங்கு பெரிது. மரப்பட்டைபோலச் சொரசொரத்த தோல், பல்லே இல்லாத வாய், கடற்பாசி மேய்கையில் நீருக்கு மேலே தெரியும் முதுகு, அதில் உட்கார்ந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தும் கடற்பறவைகள் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. கொன்று கரையில் போட்ட பெண் விலங்கைத் தேடி அதன் துணை இரண்டு நாள் தொடர்ந்து வந்ததையும் எழுதினார். எலும்பை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் இதைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் உடலை அங்குல அங்குலமாக அளந்தவர், கூட்டத்தை அளக்கவில்லை. ரஷ்யாவின் கம்சட்கா மக்கள் எல்லோருக்கும் சோறு போடும் அளவுக்கு அந்தத் தீவைச் சுற்றிக் கடற்பசுக்கள் இருப்பதாக எழுதினார். மேய்ச்சலுக்குக் கரையோரம் ஒதுங்கும் விலங்கு, கரையில் நிற்பவன் கண்ணுக்கு எப்போதும் ஏராளமாகத்தான் தெரியும். அதன் இறைச்சியால் உயிர் பிழைத்தவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வரி தவறு. 1880களில் அப்பகுதித் தீவுகளில் தங்கி ஆராய்ந்த விலங்கியலாளர் ஸ்டெய்னெகர், ஸ்டெல்லர் பார்த்த நாளிலேயே மொத்தம் 1,500க்குள்தான் இருந்திருக்கும் என்று கணித்தார். பிழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த கடல்நீர்நாய்த் தோல்களைக் கண்டு வேட்டைக்காரர்கள் கிளம்பினார்கள். கடற்பசு அவர்களுக்கு வழியுணவு ஆனது. ஈட்டி பாய்ந்தவற்றில் பல, கைக்குச் சிக்காமல் கடலிலேயே செத்தன.

ஸ்டெல்லர் 1746இல் மறைந்தார். அவருடைய நூல் 1751இல்தான் அச்சேறியது. 1755இல் யாகோவ்லெவ் என்ற சுரங்கப் பொறியாளர் கம்சட்கா அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார். பக்கத்துச் செம்புத் தீவில் கடற்பசு அற்றுப்போய்விட்டது, ஸ்டெல்லர் தங்கிய பெரிங் தீவிலாவது வேட்டையைத் தடுங்கள் என்று கேட்டார். விலங்கின் உடலமைப்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேற்று இருந்தது இன்று இல்லை என்பதைக் கண்டு, அதை எழுதியும் வைத்தார். ஸ்டெல்லரின் பதிவில் நான் தேடுவது இந்தக் கண்ணைத்தான். மனு பலிக்கவில்லை. 1768இல் பெரிங் தீவில் ஒரு கடற்பசுவைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு உறுதியான எந்தப் பதிவிலும் அது இல்லை.