பாடுகிறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்?

சென்னை டிசம்பர் சீசனுக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் கச்சேரியும் சாப்பாடும் எப்படிச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போய்விடும். மிருதங்கக்காரர் காலி நாற்காலிகளுக்கு மோரா வாசிப்பார். அங்கே சாப்பாடு இசைக்குக் குறுக்கே வருகிறது.

மைசூரில் இதைத் தலைகீழாகச் செய்து பார்க்கலாம். கச்சேரியே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடக்கும் கச்சேரி இடத்தை ஒரு வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நிதானமாகச் சுற்றுங்கள். இருட்டியதும் விளக்கு போடுவதைப் பாருங்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

கச்சேரி இடம் என்று நான் சொல்வது அரண்மனையைத்தான். அம்பா விலாஸ் என்று பெயர். அதை மியூசியம் என்றே நினைத்துப் போகிறோம். வெள்ளிக் கதவு, தங்க அம்பாரி என்று எடையையும் விலையையும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். ஆனால் தென்னிந்திய சங்கீதத்தில் தஞ்சாவூருக்குப் பிறகு பெரிய ஆதரவு தந்த வீடுகளில் அது ஒன்று. வீணை சேஷண்ணா, மைசூர் வாசுதேவாச்சாரியார், பிடாரம் கிருஷ்ணப்பா, நம் ஊர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்று அங்கே ஆஸ்தான வித்வான்களாக இருந்தவர்களின் பட்டியல் நீளும். வாசுதேவாச்சாரியாரைத் திருவையாற்றுக்குப் படிக்க அனுப்பியதே இந்த அரண்மனைதான். அங்கே பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் படித்துவிட்டு வந்தார். கிராமபோன் கம்பெனி 1902ல் இந்தியாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியபோது பாடிப் புகழ் பெற்ற கௌஹர் ஜான், கடைசிக் காலத்தில் இங்கே அரண்மனைப் பாடகியாக வந்து சேர்ந்து 1930 ஜனவரியில் மைசூரிலேயே இறந்தார். இந்தப் பெயர்களில் இரண்டு மூன்றையாவது மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், பார்க்கிற கண்ணுக்கு முன்னால் காது போகும்.

உள்ளே 10 மணி முதல் மாலை 5.30 வரை விடுகிறார்கள். மூன்றரைக்குப் போவது நல்லது. காலையில் பள்ளிக்கூடப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். அந்தச் சத்தத்தில் காதுக்கு வேலை இல்லை. செருப்பை விடும் இடத்தில் கொடுக்கிற டோக்கனைச் சட்டைப் பையில் போடாதீர்கள். ஒருமுறை குனிந்து எதையோ பார்க்கும்போது அது விழுந்து, நானும் சித்தப்பாவும் அரை மணி நேரம் வெறுங்காலோடு கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

வழிகாட்டியை வாசலில் பேசிக்கொள்ளலாம். அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, தொகையை முதலிலேயே முடித்துவிடுங்கள். தமிழ் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் முதல் பத்து நிமிடத்தில் எதையும் கிலோ கணக்கில்தான் சொன்னார். "அம்பாரி 750 கிலோ ஸார்." சித்தப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும் தம்பி, பாடுறவங்க எங்க உட்காருவாங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் நின்றார். ஒரு நிமிடம் யோசித்தார். "இதை யாரும் கேட்டதில்லை பெரியவரே" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். மனப்பாடத்தை விட்டுவிட்டு, தன் தாத்தா தசராவுக்கு வந்து மைதானத்தில் நின்றதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஆகவே முதல் பாடம் இது: வழிகாட்டியிடம் அவர் தயாராக வைத்திருக்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். பாடுகிறவர் எங்கே, பெண்கள் எங்கிருந்து கேட்டார்கள், மைக் இல்லாத நாளில் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும். மூன்றும் போதும்.

கல்யாண மண்டபத்தில் அவசரப்படாதீர்கள். எண்கோண மண்டபம், மேலே மயில் வரைந்த வண்ணக் கண்ணாடிக் கூரை, கீழே தரையிலும் மயில். தாங்கி நிற்கும் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டவை. இதற்கு முன்பு இருந்தது மர அரண்மனை. 1897ல் இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. கல்யாணத்தில் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறவர்கள் கல்யாண மண்டபத்தைக் கல்லாலும் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டியதில் ஆச்சரியம் இல்லை. கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்தவர். மைசூர் வேலை 1912ல் முடிந்தது, 41 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு.

அங்கே மயிலைப் பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். சுற்றி நடக்கிறவர்களின் பேச்சு தனித்தனி வார்த்தையாகக் கேட்காது. எல்லாம் கூரைக்குப் போய் ஒன்றாகக் கலந்து, தம்புரா மாதிரி ஒரு கார்வையாகத் தலைக்கு மேல் நிற்கும். கல்லும் கண்ணாடியும் சத்தத்தைக் குடிக்காது, திருப்பித்தான் கொடுக்கும். இப்படிப்பட்ட இடத்தில் துரித காலத்தில் கல்பனா ஸ்வரம் பாடினால் குழம்பிவிடும். விளம்ப காலத்தில் நீட்டிப் பாடினால் மண்டபமே கூடப் பாடும். சுற்றுச் சுவரில் தசரா ஊர்வலத்தைத் தொடராகத் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. யானையை விட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது போல ஒவ்வொன்றும் ஒரு ஆள்.

பிறகு மாடியில் பொது தர்பார் மண்டபம். இந்தச் சுற்றின் உச்சம் இதுதான். மீதி நேரத்தில் பாதியை இங்கேயே செலவிடுங்கள்.

வரிசை வரிசையாகத் தூண்கள், அடுக்கு வளைவுகள், ஒரு பக்கம் முழுக்கத் திறந்து மைதானத்தைப் பார்க்கிறது. சுவர் இல்லாத அந்தப் பக்கம்தான் விஷயம். நவராத்திரி தர்பாரில் மகாராஜா இங்கே சிம்மாசனத்தில் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வித்வான்கள் அவரைப் பார்த்துப் பாடுவார்கள். கீழே மைதானத்தில் ஊர் நிற்கும். ஆக, பாட்டு ராஜாவுக்கு. அதில் காற்றோடு வழிந்தது ஜனங்களுக்கு.

இன்றைய தசராவை நினைத்துப் பாருங்கள். அதே மைதானத்தில் மேடை போடுகிறார்கள். பின்னால் விளக்கு போட்ட அரண்மனை. பாடுகிறவர் அரண்மனைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்கிறார். நடுவில் எத்தனையோ நடந்தது. சமஸ்தானம் போனது, 1971ல் மன்னர் மானியமும் போனது, தசரா மாநில அரசின் நாட ஹப்பா (நாட்டுத் திருவிழா) ஆனது. அதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதை விட, தர்பார் மண்டபத்தின் விளிம்பில் நின்று கீழே மேடை போடுகிற இடத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. பாடகர் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அந்த விளிம்பில் நிற்கும்போது சௌடையாவையும் நினைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் திருமகூடலு நரசிபுரத்துக்காரர், பிடாரம் கிருஷ்ணப்பாவின் சீடர். மைக் இல்லாத காலத்தில் பெரிய கூட்டத்துக்கு வயலின் எட்டவில்லை என்று நான்கு தந்தியை ஏழாக்கிக்கொண்டவர். இவ்வளவு பெரிய திறந்த வாயைப் பார்த்தால், ஏழும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், வழிகாட்டிகள் சொல்வதில்லை. இந்த வீட்டின் கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையார் தொண்ணூற்றுச் சொச்சம் கீர்த்தனைகள் இயற்றியவர். மேற்கத்திய சங்கீதத்திலும் பித்து. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறியபோது, பின்னால் இருந்த பணம் மைசூர்ப் பணம். லண்டன் ஃபில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்தின் முதல் தலைவரும் இவரே.

நேரம் இருப்பவர்கள் அன்று காலையிலேயே ஜகன்மோகன் அரண்மனையை முடித்துவிடலாம், பத்து நிமிட நடை. 1861ல் கட்டியது. பெரிய அரண்மனை எரிந்தபின் குடும்பம் இங்கேதான் இருந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1902ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற விழாவும் இங்கே உள்ள மண்டபத்தில்தான்; தசராக் கச்சேரிகள் அங்கே நடப்பதுண்டு. சீரமைப்பு வேலை அடிக்கடி நடப்பதால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். காலி மண்டபம் வேண்டாம், மேடையில் உயிர் வேண்டும் என்கிறவர்களுக்கு ரங்காயணா இருக்கிறது. பி.வி. காரந்த் 1989ல் தொடங்கிய நாடகக் குழு. கலாமந்திர் வளாகத்தில், மரங்களுக்கு நடுவே வனரங்கா என்ற திறந்தவெளி அரங்கு. கன்னடம் புரியாவிட்டாலும் உட்காரலாம்.

ஐந்தரைக்கு அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் பசிக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து விளக்கின்போது கொட்டாவி விடுகிறார்கள். ஒரு காபி போதும். தேவராஜா மார்க்கெட்டுக்குள் ஒரு நடை போங்கள். மல்லிகைப்பூக் கடைகள், வெற்றிலைக் கட்டுகள், நஞ்சன்கூடு ரசபாளை கிடைத்தால் ஒன்று. மைசூர் மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் நஞ்சன்கூடு வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வாசனையோடு திரும்பி ஆறே முக்காலுக்கு அரண்மனை மைதானத்தில் இருங்கள்.

ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் ஏழு மணிக்கு விளக்கு. ஏறக்குறைய ஒரு லட்சம் குண்டு பல்புகள், கட்டடத்தின் விளிம்புகளையும் வளைவுகளையும் பொட்டுப் பொட்டாக வரைந்தது போல. எல்லோரும் முன்னால் முண்டுவார்கள். நீங்கள் பின்னால் போங்கள். தர்பார் மண்டபத்தின் வளைவுகள் வரிசையாகத் தெரியும் தூரத்துக்குப் போய் நின்றால், சற்று முன் நீங்கள் நின்ற விளிம்பு இப்போது ஒரு மேடையாகத் தெரியும். ஏழுக்கு முந்தைய பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். இருட்டில் கட்டடம் வெறும் நிழல், புறாக்கள் அடங்குகிற சத்தம். மகாராஜா காலத்து மைசூர் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: சிவனசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் 1902ல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். மைசூருக்கு அது 1908ல் வந்தது. காவிரியைப் பற்றி நாம் வேறு விதமாகவே பேசிப் பழகியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

முக்கால் மணி நேரம் கழித்து விளக்கு அணையும். போடுவதை விட அணைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் "ஓ" என்று இறங்கும் பாருங்கள், அது மேல் ஸ்தாயியிலிருந்து ஷட்ஜத்துக்கு வருகிற மாதிரி இருக்கும்.

இப்போது சாப்பாடு. ராஜ வீட்டுச் சுற்றுக்குப் பிறகு ராஜ வீட்டு ஹோட்டலில்தான் சாப்பிட வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். அவர்களுக்கு லலித மகால் இருக்கிறது. வைஸ்ராய்க்காக 1921ல் கட்டத் தொடங்கிய வெள்ளை மாளிகை. வெளியாருக்கு அன்று சாப்பாடு உண்டா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் போக மாட்டேன். சங்கீதம் அரண்மனையை விட்டு மைதானத்துக்கு இறங்கியது போல அரண்மனைச் சமையலும் தெருவுக்கு இறங்கியிருக்கிறது, அதைத் தெருவில்தான் சாப்பிட வேண்டும். மைசூர்பாகை எடுத்துக்கொள்ளுங்கள். நால்வடி காலத்து அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்தது என்பார்கள். அவர் வம்சத்தாரின் குரு ஸ்வீட் மார்ட் இன்றும் சய்யாஜி ராவ் ரோட்டில் இருக்கிறது. கெட்டி ரக மைசூர்பாகு வாங்கினால் குறுக்கே உடைத்துப் பாருங்கள். மேலும் கீழும் மஞ்சளாக, நடுவில் ஒரு பட்டை மட்டும் பழுப்பாக இருக்கும். கொதிக்கிற நெய் ஊற்றித் தட்டில் கொட்டிய பிறகும் நடுவில் சூடு தங்கி, அந்த இடம் தானாக வெந்துகொண்டே இருந்ததன் அடையாளம் அது. ஓரத்துத் துண்டில் அந்தப் பட்டை சரியாக விழாது. நடுத்துண்டு கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

தோசை வேண்டுமென்றால் நசர்பாத் மைலாரி. அந்தப் பெயரில் அங்கே ஒன்றுக்கு மேல் கடை. எது அசல் என்பதை மைசூர்க்காரர்களே தீர்த்துக்கொள்ளட்டும். இரவு எது வரை கல் சூடாக இருக்கும் என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் முறுகலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், உள்ளே சாகு, மேலே உருகுகிற ஒரு உருண்டை வெண்ணெய், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. சாம்பார் கேட்டால் வராது. சிவப்புக் காரச் சட்னி தடவிய மசால் தோசை வேறு கடைகளில். இரண்டையும் ஒரே இரவில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். சித்தப்பா நான்காவதற்குக் கையைத் தூக்கினார், நான் இறக்கினேன். தர்பார் மண்டபத்தில் முத்தையா பாகவதர் எந்தத் தூண் ஓரம் உட்கார்ந்திருப்பார் என்று எங்களுக்குள் ஒரு வழக்கு தீராமல் இருந்தது. அதைப் பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் மைசூர் வழக்கப்படி, "ஊட்டா ஆய்த்தா ஸார்?" என்றார். ஆச்சு, மைலாரியில் தோசை, என்றோம்.

அவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். "தோசை திண்டி ஸார். நான் கேட்டது ஊட்டா" என்றார், தமிழிலேயே. பிறகு எங்களைக் கேட்காமலே வண்டியைக் காந்தி சதுக்கம் பக்கம் திருப்பினார், அங்கே ஆர்.ஆர்.ஆர் ஹோட்டலில் வாழை இலை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே. சித்தப்பா மறுக்கவில்லை.