குதிரை எடுக்கிற ஊருக்கு எப்போது போவது?

ஐயனார் கோயில் மண்குதிரைகளை நம்மில் பலர் பார்ப்பது காரில் போகும்போதுதான். காது உடைந்து, சாயம் போய், வரிசையாக நிற்கும். இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அது குதிரையின் முதுமை. பிறப்பைப் பார்க்க வேண்டுமானால், புதுக் குதிரைகளைச் செய்து ஐயனார் கோயிலுக்குத் தூக்கிப் போகும் புரவி எடுப்பு நடக்கப்போகிற ஊருக்குச் சில வாரங்கள் முன்பே போக வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இது இன்றும் நடக்கிறது. ஊர்க்கூட்டம் கூடி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பேசி, நாள் குறிக்கிறார்கள். பிறகு ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுக்கிறார்கள். பிடிமண் கொடுப்பது என்று பெயர். குதிரை செய்யச் சொல்லும் உத்தரவும் அதுதான், முன்பதிவும் அதுதான். சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: யார் கையால் மண் கொடுப்பது, முதல் மரியாதை யாருக்கு என்று நீதிமன்றம் வரை போன ஊர்கள் உண்டு. ஊர் கூடிச் செய்கிற காரியம் என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்வது என்று நினைத்துப் போகாதீர்கள்.

வேளார் வீட்டு முற்றத்தில் முதலில் எழுவது நான்கு கால்கள், உள்ளே கூடான மண்தூண்களாக. களிமண்ணோடு மணலும் உமியோ வைக்கோல் கூளமோ சேர்த்து மிதித்திருப்பார்கள். வெறும் களிமண் காயும்போதே வெடித்துவிடும். கால் கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே வயிறு ஏறும். ரொம்ப ஈரமாக இருந்தால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ரொம்பக் காய்ந்தால் புது மண் ஒட்டாது. இந்த நடுப்பதத்தை வேளார் விரலால் அழுத்தியே கண்டுபிடிக்கிறார். அதனால் வேலையில் பாதி, காத்திருப்பதுதான். நீங்கள் போகும் நாளில் ஒன்றுமே நடக்காமல் ஈரச்சாக்கு போர்த்தி வைத்திருக்கலாம். அலுத்துக்கொள்ளாமல் நாலைந்து நாள் கழித்து மறுபடி போங்கள்.

கழுத்தும் தலையும் கடைசியில். உடம்பில் ஆங்காங்கே விட்டிருக்கும் ஓட்டைகளைக் கவனியுங்கள். சூளையில் சூடும் காற்றும் உள்ளே போய்வர அவை வேண்டும். மணி, சலங்கை, சேணம் எல்லாம் தனியாக உருட்டி ஒட்டியவை. சுட்டு எடுத்ததும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் வெந்திருக்கிறது.

வண்ணம் பூசுவதற்கு முன், அந்தச் செம்மண் நிறத்தில் குதிரையைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தட்டுப்பலகையின் தடம், விரல் வழித்த கோடு எல்லாம் அப்போதுதான் தெரியும். எனாமல் பெயின்ட் அவற்றை மூடிவிடுகிறது என்பது என் குறை. ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குக் குதிரை பளிச்சென்று இருக்க வேண்டும்.

எடுப்பு நாளில் எல்லோரும் குதிரை முகத்தைப் பார்க்க முன்னால் ஓடுவார்கள். நீங்கள் பக்கவாட்டில், தூக்குகிறவர்களோடு நடங்கள். மூங்கிலில் கட்டிய மண்ணுடம்பு, மேடுபள்ளப் பாதை, தோள் மாற்றும்போது ஒரு அதட்டல். ஒருவர் இடறினால் ஒரு மாத வேலை போச்சு. பின்னால் நேர்த்திக்கடன் மதலைகள் வரும்: குழந்தை உருவம், கை, கால். அவற்றைச் சுமப்பவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

உயரம்தான் வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்துக்குப் போகலாம். அங்கே ஐயனார் கோயில் குதிரை 30 அடிக்கு மேல். மாசி மகத்தன்று அதன் கழுத்து மறையும் அளவுக்குக் காகித மாலைகள் விழும். பார்க்க வேண்டிய கூட்டம்தான். ஆனால் அது ஓரிடத்தில் நிலையாக நிற்கிற குதிரை. தோளில் ஏறி ஊர் வழியாக வருகிற குதிரைக்கு ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் சிவகங்கைப் பக்கம் விசாரியுங்கள். தேதி கடைசி நேரத்தில் மாறும். வேளாரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.