சாமைக் கொல்லையும் ஈட்டா ஸ்கொயரும்

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வத்தல்மலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், அங்கே சமதளம்னு கிடைக்கிறது கொஞ்சம்தான். சரிவுல இருக்கிற சாமைக் கொல்லையில மேல் ஓரம் சரளை, கீழ் ஓரம் மழை இழுத்துட்டு வந்து சேர்த்த மண். விதை ஒண்ணு, மழை ஒண்ணு, விளைச்சல் மட்டும் வேற வேற.

இந்த மாதிரி நிலத்துக்காகவே பிறந்ததுதான் அனோவா. 1923-ல் ஃபிஷரும் மெக்கன்சியும் ராத்தம்ஸ்டெட்டில் உருளைக்கிழங்கு ரகங்களையும் உரங்களையும் ஒப்பிட்ட கட்டுரையில்தான் அந்தக் கணக்கு அட்டவணையாக வந்தது. நிலத்தின் ஏற்றத்தாழ்வைத் தனியாகப் பிரித்து எடுக்க 'பிளாக்' முறையும் பிறகு சேர்ந்தது. அருமையான யோசனை. என் புகார் அதன் மேல் இல்லை. பிரித்து எடுத்ததை அப்புறம் எங்கே வைக்கிறோம் என்பதில்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வத்தல்மலைச் சரிவுல மேலிருந்து கீழாக நாலு பிளாக், ஒவ்வொன்றிலும் மூணு சாமை ரகம். மொத்தம் 12 பாத்தி. ஏக்கருக்குச் சராசரி 300 கிலோ. ரகங்களின் சராசரி 330, 290, 280. பிளாக்குகளின் சராசரி மேலிருந்து கீழே 240, 260, 340, 360.

வர்க்கக் கூடுதல் மொத்தம் 40,000 என்று வையுங்க. இதில் பிளாக்குக்கு 31,200, ரகத்துக்கு 5,600, மிச்சப் பிழைக்கு 3,200. F மதிப்பு 5.25, 5 சதவீத எல்லை 5.14. தாண்டிவிட்டது, ஒரு நட்சத்திரம் போட்டுக்கலாம்.

சரி, ரகத்தின் விளைவு எவ்வளவு பெரிசு? ஈட்டா ஸ்கொயர் என்றால் 5,600-ஐ 40,000-ஆல் வகுக்கணும்: 0.14. 'பகுதி' ஈட்டா ஸ்கொயர் பிளாக்கைக் கீழிருந்து தூக்கிவிடும். 5,600-ஐ 8,800-ஆல் வகுத்தால் 0.64! அதே பாத்தி, அதே சாமை. 14 சதவீதம் எங்கே, 64 சதவீதம் எங்கே. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் விளைவளவு கேட்டால் வருவது இரண்டாவது எண். பழைய பதிப்புகளில் அதற்கு வெறும் 'ஈட்டா ஸ்கொயர்' என்றே பெயர் போட்டு வந்த கொடுமையும் நடந்தது. "விளைச்சல் வேறுபாட்டில் 64 சதவீதம் ரகத்தால்" என்று யாராவது எழுதினால் அது அப்பட்டமான தப்பு. ஆனால் எழுதுபவருக்கு அது தப்பென்றே தெரியாது.

சின்ன மாதிரிகளில் ஈட்டா ஸ்கொயர் கொஞ்சம் ஊதிக் காட்டும் என்பது வேறு விஷயம். அதைத் திருத்த ஹேஸ் 1963-ல் கொடுத்த ஒமேகா ஸ்கொயர்படி 0.14 என்பது 0.11 ஆகும். கோஹனின் அளவுகோலில் 0.14 'பெரிய' விளைவு. அவர் அதை உளவியல் போன்ற துறைகளுக்காக, வேறு வழியில்லாதபோது வைத்துக்கொள்ளச் சொன்னார். சாமைக்கு அதைப் போடுவது துணி அளக்கிற கோலால் பால் அளக்கிற கதை.

பகுதி அளவுக்கு ஆதரவாக ஒரு நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். பிளாக் அமைப்பு வேறாக இருக்கிற இரண்டு சோதனைகளை ஒப்பிட அது உதவும். ரகத்தைத் தேர்ந்தெடுக்கிற விஞ்ஞானிக்குச் சரிவு வெறும் தொந்தரவு. ஆனா மேல் ஓரத்துல கொல்லை வச்சிருக்கிறவருக்கு அந்தத் 'தொந்தரவு'தான் வாழ்க்கை. நம்ம கணக்குல உச்சிக்கும் அடிவாரத்துக்கும் வித்தியாசம் 120 கிலோ, நல்ல ரகத்துக்கும் மோசமான ரகத்துக்கும் 50 கிலோ. விதைக்குச் செலவழிக்கணுமா, மண் அரிக்காம கல் வரப்பு போடணுமா என்ற கேள்விக்கு 0.64 தப்பான பக்கம் கையைக் காட்டும்.

வேடிக்கை என்னன்னா, பான்சேயும் சுகாத்மேயும் எழுதி 1954-ல் ஐ.சி.ஏ.ஆர். வெளியிட்ட பாடநூலில் படித்த தலைமுறை இந்தக் குழியில் அதிகம் விழவில்லை. அவங்க அட்டவணையில் சராசரியும் 'சி.டி.' என்கிற நெருக்கடி வேறுபாடும் கிலோவிலேயே இருக்கும். கிலோதான் விவசாயிக்குப் புரிகிற விளைவளவு. அவங்க வழக்கத்துல இருக்கிற ஓட்டை வேற: வித்தியாசம் சி.டி.-க்குக் குறைந்தால் 'ஆன் பார்', அதாவது இரண்டும் சமம் என்று எழுதிவிடுவாங்க. 12 பாத்தியில் வித்தியாசம் தெரியவில்லை என்பதால் வித்தியாசமே இல்லை என்று ஆகாதுங்க.

இந்தக் கணக்கில் சி.டி. 40 கிலோ. முதல் ரகம் மூணாவதைவிட 50 கிலோ கூட. 95 சதவீத நம்பக இடைவெளி 10-லிருந்து 90 வரை. நான் எழுதுவதா இருந்தா இந்த வரியை முதலில் போடுவேன், அதுக்குக் கீழே நாலு பிளாக்கின் சராசரியையும் வரிசையா அச்சிடுவேன். ஈட்டா கேட்கிற இதழாக இருந்தால் கடைசிப் பத்தியில் 0.14, எதை எதால் வகுத்தேன் என்ற விவரத்தோடு.